நகரா ஓசையும் இரட்டை அம்புக்குறியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலைப் பற்றிப் பேச்சு வந்தால், பெரியவர்கள் திருமலை நாயக்கரைத் தொடாமல் விடமாட்டார்கள். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர் அவர். தீராத நோயோடு இங்கே வந்து குணமடைந்தாராம். அதன்பின் இந்தக் கோயிலில் பூசை முடிந்த சேதி வந்தால்தான் சாப்பாட்டில் கை வைப்பது என்று விரதம் பூண்டாராம். மதுரைக்கு இங்கிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அதற்காக வழிநெடுக மண்டபங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நகரா, அதாவது பெரிய முரசு, வைத்தார் என்கிறது தலவரலாறு. இங்கே முழங்கியதும் அடுத்த மண்டபத்துக்காரர் கேட்டு அடிப்பார், அதைக் கேட்டு அதற்கடுத்தவர் அடிப்பார். அப்படியே அரண்மனை வரை சேதி போய்ச் சேரும்.

நம் கையிலுள்ள கைபேசியைப் புரிந்துகொள்ள இந்தக் கதை நன்றாக உதவும். நகரா சுமந்தது ஒரே ஒரு சேதியை: பூசை முடிந்தது. அடிப்பவருக்குத் தனக்கு முந்தைய மண்டபத்தில் யார் இருக்கிறார் என்று தெரியும். பூசை முடியாமலே ஒருநாள் சத்தம் வந்துவிட்டால், வந்த வழியே திரும்பிப் போய், தவறு எந்த மண்டபத்தில் நேர்ந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் காணொளியும் கைமாறிக் கைமாறித்தான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் முந்தைய ஆளின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. சித்தப்பா அனுப்பினார் என்பது மட்டும் நமக்குத் தெரியும். அவருக்கு யார் அனுப்பினார், அதை முதலில் எடுத்தவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று எதுவும் திரையில் இல்லை. அதனால் சித்தப்பாவின் மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கை முழுவதையும், அவருக்கே முன்பின் தெரியாத யாரோ ஒருவர் எடுத்துக்கொள்கிறார்.

இதன் விலை என்ன என்பதைத் தமிழ்நாடு 2018 மே மாதம் கண்டது. குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்துவிட்டது என்ற வதந்தி கைபேசிகளில் பரவியிருந்த நேரம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழி கேட்க நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அதைப் பார்த்து ஊர் கூடி அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். அடித்தவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகவே நம்பினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

அந்த ஆண்டு இந்தியா முழுக்கச் சுற்றிய காணொளி ஒன்று உண்டு. பைக்கில் வரும் இருவர், தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் பெற்றோரை எச்சரிப்பதற்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்களே பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். படத்தில் ஒட்டுவேலை எதுவும் இல்லை. வாலை நறுக்கியதே போதுமானதாக இருந்தது.

2023 மார்ச்சில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் வட இந்தியா முழுக்கப் பரவின. அவற்றில் ஒன்று பிகார் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு என்று அப்போதைய தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். காயக்கட்டோடு ஆட்கள் தோன்றிய ஒரு காட்சி பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடிக்கவைத்து எடுத்தது என்று பிகார் காவல்துறை கண்டுபிடித்தது. பிகார் அரசு அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பிப் பார்த்தது. முதலமைச்சர் ஸ்டாலின் நெல்லை மாவட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளர்களை நேரில் போய்ச் சந்தித்தார்.

ராஜபாளையத்து நூற்பாலைகளிலும் வடமாநிலப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அப்படியொரு பையனின் நிலையை எண்ணிப் பாருங்கள். வாசலில் டீக்கடைக்காரர் வழக்கம்போல டீ ஆற்றிக் கொடுக்கிறார். கைபேசியில் தன்னைப் போன்றவர்கள் வெட்டுப்படுகிறார்கள். ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே கூப்பிடுகிறாள். கண்ணெதிரே தெரியும் டீக்கடையா, அம்மாவின் அழுகையா? அழுகைதான் ஜெயிக்கும். அவளுடைய பயம் நூற்றுக்கு நூறு நிஜம். பயத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்டதுதான் பொய்.

ஒரு பொய் ஏன் நிஜம்போலப் படிகிறது? பலமுறை கேட்பது ஒரு காரணம். கேட்டுப் பழகிய வாக்கியத்தை மனம் எளிதில் உண்மை என்று எடுத்துக்கொள்ளும் என்பதை ஹேஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1977-லேயே காட்டினார்கள். எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரம் என்று கேட்டே வளர்ந்தோம். முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் மதுரைக்காரர், மீனாட்சி கோயிலின் மேலக்கோபுரத்தைப் பார்த்தே அவர் வரைந்தார் என்று மதுரையில் சொல்வார்கள். அதைக் கேட்டபிறகும் அந்த முத்திரையைப் பார்த்தால் என் கண்ணுக்கு ஆண்டாள் கோபுரம்தான் தெரிகிறது. பிறந்ததிலிருந்து கேட்டதன் பலம் அது. அதே பலத்தைக் கைபேசி ஒரே வாரத்தில் உண்டாக்கிவிடுகிறது. எந்தக் காணொளியில் எத்தனை நொடி நின்றோம் என்று செயலி கணக்கு வைத்து, அதே வகையில் அடுத்ததை நீட்டுகிறது. மூன்று வெட்டுக்குத்துக் காட்சிகளில் நின்று பார்த்தவருக்கு நாலாவதும் ஐந்தாவதும் தானே வரும். நாடே பற்றி எரிவதாக அவருக்குத் தோன்றும்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்திருக்கிறது. 2018-இல் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு புத்தக விழாத் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அதே ஆண்டு ‘லால் சலாம்’ படப் பாட்டில் மறைந்த பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரகுமான் குடும்பத்தாரின் அனுமதியோடு பயன்படுத்தினார், அதை வெளிப்படையாகவும் அறிவித்தார். இவ்விரண்டிலும் செய்தவர் யார் என்பது ஊரறிந்த விஷயம். அதே வித்தை பெயர் தெரியாத எண்ணிலிருந்து மகனின் குரலில் பணம் கேட்டு வந்தால், போனை வைத்துவிட்டு மகனின் எண்ணுக்கு நாமே கூப்பிட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

வாட்ஸ்அப் சில தடுப்புகளைப் போட்டிருக்கிறது. ஒரு செய்தி வேறொருவரிடமிருந்து பகிரப்பட்டு வந்தது என்று காட்டும் அடையாளம் 2018-இல் வந்தது, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பும் வந்தது. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்து கைகளாவது மாறி வந்திருக்கிறது என்று பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அத்தகையதை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும். இந்த இரட்டை அம்பை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. கண்டால், காணொளியை ஓரிடத்தில் நிறுத்தி, திரையைப் படமெடுத்து கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்கலாம். பழைய படமாக இருந்தால் பெரும்பாலும் சிக்கிவிடும்.

அதற்கும் நேரமில்லையென்றால் குடும்பக் குழுவில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: “சித்தப்பா, இது உங்களுக்கு யாரு அனுப்புனாங்க?” அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் தனக்கு அனுப்பியவரிடம் அதையே கேட்டுப் பார்ப்பார்.