இருபத்தைந்து சென்ட் ரவுண்டானா

36 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 1,018 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் 25 சென்ட். வண்டிகள் ஒரே வரிசையாகச் சுற்றிப்போகும் ரவுண்டானாவுக்கு இவ்வளவு நிலம் போதும். இரண்டு வண்டிகள் அக்கம்பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று 48 மீட்டர் விட்டத்தில் போட்டால் 1,810 சதுர மீட்டர். ஏறக்குறைய 45 சென்ட். மாதனூர் மாதிரி ஊரில் கடையும் வீடும் நெருங்கி நிற்கும் சாலையோரத்தில் 20 சென்ட் கூடுதலாக எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அப்படி எடுத்தால் அந்த ஊருக்கு ஆபத்துதான் கூடும் என்று நினைக்கிறேன். ஏன் என்பதற்கான கணக்கு இது.

மாதனூர் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே இருக்கும் ஒன்றியத் தலைமையிடம். 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர் மாவட்டம். அதற்கு முன் வேலூர். ஊரை ஒட்டிச் சென்னை–பெங்களூரு 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. ஒரு பக்கம் ஒடுகத்தூர் சாலை, மறுபக்கம் பாலாற்றைத் தாண்டிக் குடியாத்தம் போகும் சாலை. இந்தப் பகுதித் தோல் தொழிலின் வண்டிகள் எல்லாம் இந்த வழியில்தான்: உப்புப் போட்ட பச்சைத்தோல் லாரி, சுண்ணாம்பும் குரோம் உப்பும் ஏற்றிய லாரி, தண்ணீர் டேங்கர், சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் 40 அடி கன்டெய்னர், காலையிலும் மாலையிலும் ஷூ கம்பெனிப் பெண்களை ஏற்றிவரும் பஸ்ஸும் வேனும். ஒரு டன் பச்சைத்தோலில் முடிந்த தோலாகக் கிடைப்பது 200 முதல் 250 கிலோ. மிச்சத்தில் பெரும்பகுதி கழிவாக மறுபடியும் லாரி ஏறுகிறது. உள்ளே வரும் சரக்குக்கு ஒரு லாரி, வெளியே போகும் கழிவுக்கு இன்னொரு லாரி. ஊரின் அளவுக்கு மீறிய கனரக வண்டி இங்கே ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

ஆறு வழிச்சாலையின் நடுவில் வட்டம் போடச் சொல்லவில்லை. 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு முன்னால் வட்டம் வைப்பது கொலைக்குச் சமம். நான் சொல்வது அணுகுசாலையும் ஊர்ச்சாலையும் சந்திக்கும் இடங்களைப் பற்றி. நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய வண்டி, வேகம் இன்னும் காலில் இருக்கும்போதே, சைக்கிளிலும் மொபெட்டிலும் நடந்தும் போகிற சனத்துக்குள் நுழையும் இடங்கள் அவை.

நாட்டின் சாலை விபத்து அறிக்கையைப் பார்ப்போம். 2022-ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் முதல் மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்து, 17,884 சாவு. சாவு எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாடு முழுக்க இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வண்டியில் போனவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து போனவர்கள். இரண்டையும் கூட்டினால் 64. விபத்துகளில் 72.3 விழுக்காட்டுக்குக் காரணம் அதிவேகம் என்று அதே அறிக்கை பதிந்திருக்கிறது. ஆகவே ஒரு சந்திப்பு நல்லதா கெட்டதா என்று பார்க்க இரண்டு கேள்வி போதும்: அங்கே வண்டியின் வேகம் எவ்வளவு, மொபெட்டில் போகிற பெண்ணும் நடந்து போகிற பெரியவரும் என்ன ஆவார்கள்.

சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகள் 32. அதில் 16 குறுக்கே வெட்டும் புள்ளிகள், 8 சேரும் புள்ளிகள், 8 பிரியும் புள்ளிகள். உயிரைக் குடிப்பவை அந்த 16-தான். பக்கவாட்டில் இடிப்பதும் நேருக்கு நேர் மோதுவதும் அங்கேதான். ஒருவரிசை ரவுண்டானாவில் மொத்தமே 8 புள்ளி: நாலு சேருவதற்கு, நாலு பிரிவதற்கு. குறுக்கே வெட்டும் புள்ளி ஒன்றுகூட இல்லை. இரண்டாவது வரிசை வந்ததும் இந்தச் சுத்தம் போய்விடுகிறது. உள் வரிசையில் இருப்பவர் வெளியேற, வெளி வரிசையில் சுற்றிக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு முன்னால் வெட்டித்தான் ஆக வேண்டும்.

இதை நடைமுறையில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் கூட்டமைப்பு 2010-ல் வெளியிட்ட சாலைப் பாதுகாப்புக் கையேட்டில், கிளைச்சாலையில் மட்டும் 'நில்' பலகை இருந்த சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றியபின் என்ன நடந்தது என்ற கணக்கு இருக்கிறது. புறநகரில் ஒருவரிசை போட்ட இடங்களில் மொத்த விபத்து 78 விழுக்காடு குறைந்தது. இருவரிசை போட்ட இடங்களில் 19 மட்டுமே. நகருக்குள் ஒருவரிசையில் 39, இருவரிசையில் 12. கிராமப்புற ஒருவரிசையில் 71. காயம்பட்ட விபத்துகளை மட்டும் எடுத்தால் 87.

இருவரிசைக்கு ஆதரவான எண்ணும் அதே பக்கத்தில் உண்டு. புறநகரில் காயம்பட்ட விபத்துகள் ஒருவரிசையில் 78 விழுக்காடு குறைந்தன என்றால், இருவரிசையிலும் 68 குறைந்தன. அதாவது இரண்டு வரிசையானாலும் பழைய நாற்சந்தியைவிட மேல்தான். உரசலும் சிராய்ப்பும்தான் அங்கே அதிகம். ஆனால் அந்த ஊர்களில் உரசப்படுவது காரின் தகரம். மாதனூரில் உரசப்படுவது டிவிஎஸ் எக்ஸெல்லில் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால். காருக்குச் சிராய்ப்பாகப் பதிவாகும் அதே இடி இங்கே எலும்பு முறிவாகப் பதிவாகும். அதனால் 19-க்கும் 78-க்கும் உள்ள தூரம் நமக்குத்தான் பெரிது.

ஒடுக்கம் ஏன் காப்பாற்றுகிறது என்பது வளைவுக் கணக்கு. வட்டத்தில் தார் வெளிப்பக்கமாக 2 விழுக்காடு சரிந்திருக்கிறது, டயரின் பக்கப்பிடிப்பை 0.30 வரை பயன்படுத்தலாம் என்று கொள்வோம். 15 மீட்டர் ஆர வளைவில் தாராளமாகப் போகக்கூடிய வேகம் மணிக்கு 23 கிலோமீட்டர். 25 மீட்டருக்கு 30. 60 மீட்டருக்கு 46. ஒருவரிசை வட்டத்தில் டிரைவருக்கு வேறு வழியில்லை, சிறிய வளைவிலேயே திரும்பியாக வேண்டும். இரண்டு வரிசை அகலம் கொடுத்தால், கூட்டமில்லாத நேரத்தில் வெளி வரிசையில் நுழைந்து, உள் வரிசையைத் தொட்டு, மறுபடி வெளி வரிசையில் வெளியேறுவார். வளைந்த பாதை அநேகமாக நேர்கோடாகிவிடுகிறது. 60 மீட்டர் ஆரம் சும்மா கிடைக்கிறது. 23 இருந்த இடத்தில் 46. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நாலு மடங்கு. அந்த நாலு மடங்குக்குத்தான் 20 சென்ட் கூடுதல் நிலம் கொடுக்கிறோம்.

பிறகு ஏன் நம் ஊர்களில் வட்டம் என்றாலே மைதானம் மாதிரி போடுகிறார்கள்? இந்தியச் சாலைப் பேரவை 1976-ல் வெளியிட்ட 65-ஆம் எண் விதிநூலுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வண்டிகள் வட்டத்துக்குள் பின்னிப் பிணைந்து இடம் மாறிப் போக வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கருத்து. பின்னுவதற்கு நீளம் வேண்டும்; 40 கிலோமீட்டர் வேகத்துக்கு, ஒரு கிளைக்கும் அடுத்த கிளைக்கும் நடுவே குறைந்தது 45 மீட்டர். நாலு கிளைக்கு 180 மீட்டர் சுற்றளவு, விட்டம் 57 மீட்டர். அந்த நூல் 2017-ல் திருத்தப்பட்டது. ஆனால் 40 ஆண்டு அந்த எண்ணோடு வளர்ந்த கண், பெரிய வட்டத்தைத்தான் நல்ல வட்டம் என்று நினைக்கிறது. நடுவில் நீரூற்று, சிலை வைக்க வசதி என்பது இன்னொரு ஆசை.

பெரிய வட்டத்துக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. நம் ஊரில் அதை எண்ணாமல் விட முடியாது. வலப்பக்கம் திரும்புகிறவர் முக்கால் வட்டம் சுற்ற வேண்டும். 36 மீட்டர் வட்டத்தில், 5 மீட்டர் சாலையின் நடுக்கோட்டில் அளந்தால், அது 73 மீட்டர் பயணம்; எதிர்த்திசையில் கால் வட்டம் நுழைந்தால் 24 மீட்டர். மிச்சம் 49. 57 மீட்டர் வட்டத்தில் முறைப்படி 134, தவறான வழியில் 45; மிச்சம் 89. அணுகுசாலைகளில் எதிர்த்திசையில் வரும் வண்டியை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்கு 89 மீட்டர் ஆசை காட்டுவதைவிட 49 மீட்டர் ஆசை காட்டுவது மேல்.

வேலூர் கிரீன் சர்க்கிளைத் தெரியாதவர் இந்தப் பக்கத்தில் இல்லை. நெடுஞ்சாலை, காட்பாடிச் சாலை, புதிய பேருந்து நிலையம், அணுகுசாலைகள் எல்லாம் வந்து முட்டும் இடம். அந்த நெரிசலுக்கு ஒருவரிசை போதாது; அதை உதாரணமாக வைத்து மாதனூருக்கு வரைவது பொருந்தாது. கோயம்புத்தூரில் லாலி ரோடு, சுங்கம் சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா போட்டார்கள். காத்து நிற்காமல் வண்டி நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கேயும் நடந்து கடப்பவர்கள்தான் சிரமப்படுகிறார்கள், ஏனென்றால் வண்டி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது அவர்கள் கடக்கும் கோடு: வட்டத்தின் வாயிலிருந்து ஒரு கார் நீளம் பின்தள்ளி, நடுவில் நின்றுகொள்ள ஒரு திட்டோடு.

ஒருவரிசை தாங்குமா என்பது நியாயமான சந்தேகம். 1976 விதிநூலின் அளவைப்படி பஸ் அல்லது லாரி ஒன்று 2.8 காருக்குச் சமம்; கார், ஆட்டோ, குட்டி யானை வேனுக்கு 1; இரு சக்கர வண்டிக்கு 0.75; சைக்கிளுக்கு 0.5. ஒரு பரபரப்பான காலை மணி நேரத்தில் 120 கனரக வண்டி, 200 கார்–ஆட்டோ, 600 இரு சக்கரம், 40 சைக்கிள் வருவதாக வைத்துக்கொள்வோம். 336, 200, 450, 20. மொத்தம் 1,006 கார் அளவு. கிளை ஒன்றுக்கு 250. எதிரே 400 வண்டி சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவரிசைக் கிளை ஒன்று மணிக்குச் சுமார் 900 வண்டியை உள்ளே விடும் என்பது அமெரிக்கச் சூத்திரம். நம் ஊர் ஓட்டுமுறைக்காக அதைப் பாதியாக வெட்டினாலும் 450 நிற்கிறது. தேவை 250. இன்னொரு வரிசை கேட்க இங்கே காரணமே இல்லை.

கன்டெய்னர் திரும்புமா என்பதுதான் உண்மையான தொழில்நுட்பச் சிக்கல். டிரெய்லரின் முன் அச்சு 16 மீட்டர் ஆரத்தில் சுற்றினால், பின் அச்சு ஏறக்குறைய 12.7 மீட்டர் ஆரத்தில் உள்ளே வெட்டி வரும். உட்பக்கச் சக்கரம் 11.4-ல். அந்தச் சக்கரத்துக்காக எல்லாருக்கும் சாலையை அகலமாக்குவது தவறு. 5 மீட்டர் தார்ச்சாலை, அதன் உட்புறம் 2.5 மீட்டருக்குச் சற்று உயர்த்திய கான்கிரீட் மேடை, அதற்குள் 21 மீட்டர் விட்டத்தில் தீவு. டிரெய்லரின் பின்சக்கரம் மேடைமேல் ஏறிப்போகும். கார் ஏறினால் குலுங்கும், அதனால் ஏறாது. பொருள் கணக்கு: தார் போடும் பரப்பு 487 சதுர மீட்டர், 9 சென்டிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 100 டன் கலவை. மேடை 185 சதுர மீட்டர், 20 சென்டிமீட்டர் கனத்துக்கு 37 கன மீட்டர் கான்கிரீட். தீவின் விளிம்புக்கல் 66 மீட்டர், மேடையின் விளிம்புக்கல் 82 மீட்டர். 48 மீட்டர் வட்டத்துக்கு, 9 மீட்டர் அகலத்தில், தார் பரப்பு மட்டும் 1,103 சதுர மீட்டர், இரண்டேகால் மடங்கு. சாலை தேயும்போதெல்லாம் அதே இரண்டேகால் மடங்கு மறுபடியும் செலவு.

சைக்கிள்காரர்கள் விஷயத்தில் ரவுண்டானாவுக்கு எதிரான ஆய்வும் இருக்கிறது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 91 ரவுண்டானாக்களை ஆராய்ந்து 2008-ல் வெளிவந்த முடிவின்படி, சைக்கிளோட்டிகள் காயம்படும் விபத்து அங்கே 27 விழுக்காடு கூடியிருந்தது. மிக மோசம், வட்டத்துக்குள்ளேயே ஓரமாகச் சைக்கிளுக்குத் தனிப்பட்டை கிழித்த இடங்கள். வெளியேறும் கார் அந்தப் பட்டையின் குறுக்கேதான் திரும்பும். சைக்கிளும் மொபெட்டும் நிறைந்த மாதனூரில் அந்தப் பட்டையைக் கிழிக்கவே கூடாது. 25 கிலோமீட்டருக்குக் கீழே எல்லாரும் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாகப் போவதுதான் சரி.

ஓட்டுகிறவர்கள் செய்ய வேண்டியதும் அதிலிருந்தே வருகிறது. உள்ளே சுற்றுகிறவருக்குத்தான் முதல் உரிமை. பிரிட்டன் இதை 1966-ல் விதியாக்கிய பிறகுதான் அங்கே வட்டங்கள் பூட்டிக்கொள்வது நின்றது. பாரிஸின் எத்துவால் வட்டத்தில் இன்றும் நுழைகிறவருக்கே முன்னுரிமை, அதன் நெரிசல் உலகப் பிரசித்தம். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் நுழையும் முன் பார்க்க வேண்டியது வலப்பக்கம். வெளியேறும் கிளைக்கு முந்தைய கிளையைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டர். மொபெட்டில் போகிறவர் வரிசையின் ஓரத்தில் ஒட்டாமல் நடுவில் போக வேண்டும். ஓரத்தில் போனால் பின்னால் வரும் கார் பக்கத்தில் நுழைய இடம் இருக்கிறது என்று நினைக்கும். டிரெய்லர் நுழையும்போது அதன் பின்பகுதி இடப்பக்கம் வெட்டும், சுற்றும்போது வலப்பக்கம் தீவை நோக்கி வெட்டும். அதனால் அதற்கு இடப்பக்கமும் நிற்கக் கூடாது, தீவுக்கும் அதற்கும் நடுவிலும் நுழையக் கூடாது. அது வெளியேறும்வரை பின்னால் இருப்பதற்கு ஆகும் நேரம் பத்து விநாடிக்குள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வட்டம் வேண்டும் என்று தீர்மானம் போடுகிற ஊர், கூடவே மூன்று எண்ணையும் எழுதிக் கேட்கலாம்: கம்பெனி பஸ் வரும் காலை மணி நேரத்தில் எண்ணிய வண்டிக் கணக்கு, வட்டத்தின் வெளிவிட்டம், அதில் வண்டி போகக்கூடிய அதிகபட்ச வேகம். மூன்றாவது எண் 30-க்கு மேல் இருந்தால் வரைபடத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.