கோலி கூப்பிட்டால் யார் வருவார்?

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்குக்கு 1929-ல் குறுகிய ரயில் பாதை வருவதற்கு வெகுகாலம் முன்பே, தௌலாதார் மலையின் பனிநீர் வயல்களுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த வாய்க்காலுக்குப் பெயர் 'குஹல்'. ஆற்றில் கற்களை அடுக்கி நீரைத் திருப்பி, நிலத்தின் சரிவறிந்து வெட்டியிருக்கிறார்கள். பம்பு எதுவும் கிடையாது. பெரிய குஹல்களே எழுநூறுக்கு மேல்.

ஒவ்வொரு குஹலுக்கும் பொறுப்பாளர் 'கோலி' (கிரிக்கெட் வீரரல்ல!). நம்மூர் நீர்க்கட்டியைப் போன்றவர். அவர் அழைத்தால் பாசனக் குடும்பங்கள் ஆள் அனுப்பித் தூர்வார வேண்டும். தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவதும் அவரே. அறுவடையில் அவருக்குத் தானியம் உண்டு. கல் அணை மழை வெள்ளத்தில் அடித்துப்போகும், மறுபடி அடுக்குவார்கள். 1905 பூகம்பத்தில் சிதைந்த குஹல்களையும் மீட்டெடுத்தார்கள்.

பிற்பாடு இளைஞர்கள் ராணுவத்துக்கும் வெளியூர்ச் சம்பள வேலைக்கும் போகத் தொடங்கினார்கள். கோலி கூப்பிட்டாலும் ஆள் வருவது அரிதாயிற்று. சில ஊர்களில் சங்கம் அமைத்து, வராதவரிடம் அபராதம் வசூலித்தார்கள். சில குஹல்களை அரசே எடுத்துக்கொண்டு சிமெண்டு பூசியது.

சிமெண்டினால் கசிவு குறையும். பொறியியல் படித்தவன் மறுக்க முடியாது. ஆனால் நள்ளிரவில் தலைமதகு அடைத்துக்கொண்டால் மண்வெட்டியுடன் ஓட ஊரில் ஆள் வேண்டுமே! எனக்கென்னவோ, சங்கம் வைத்த ஊர்க்காரர்களின் யோசனைதான் பிடித்திருக்கிறது.