60 வருஷத்துப் பழைய டேபிள் லேம்ப்: முதலீடா, செலவா?

"விண்டேஜ் பொருள், விலை ஏறிக்கிட்டேதான் போகும்" என்று சொல்லி இப்போ டேபிள் லேம்ப்பைக்கூட முதலீடு மாதிரி விற்கிறாங்க. கிரெடிட் கார்டு இஎம்ஐ-யில் ஒன்றை வாங்கிப்போடும் யோசனை உங்களுக்கு இருந்தால், முதலில் ஏஜே லேம்ப்பின் கதையைப் பாருங்க.

கோபன்ஹேகனில் எஸ்ஏஎஸ் ராயல் ஹோட்டலைக் கட்டியவர் டென்மார்க் கட்டடக் கலைஞர் ஆர்னே ஜேக்கப்சன். 1960-ல் திறந்த அந்த ஹோட்டலுக்கு நாற்காலி, கதவுக் கைப்பிடி வரை அவரே வடிவமைத்தார். பிரபலமான எக் சேர் அதற்காக வந்ததுதான். இந்த லேம்ப்பும் அப்படித்தான். ஒரு பக்கம் நீண்ட, சாய்க்கக்கூடிய உலோக மூடி. வெளிச்சம் மேஜையில் விழும், கண்ணில் அடிக்காது. அடித்தட்டில் இருக்கும் வட்ட ஓட்டை அலங்காரம் இல்லைங்க, ஆஷ்ட்ரே வைக்க யோசித்த இடம்! அந்த ஹோட்டலின் 606-ம் எண் அறையை மட்டும் இன்னும் பழைய வடிவத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

இப்போ பணத்துக்கு வருவோம். லூயி பூல்சன் கம்பெனி இந்த லேம்ப்பை இன்னும் தயாரிக்கிறது. கடையில் புதுசு கிடைக்கும்போது பழசுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பாங்க? புதுசின் விலைதான் பழசுக்குக் கடிவாளம். அந்த ஹோட்டலிலேயே இருந்தது என்று ஆவணத்தோடு நிரூபிக்க முடிந்தால் கதை வேறு. சும்மா வாய்வார்த்தைக்கு மதிப்பு இல்லை.

அடுத்து நகல்கள். பிரிட்டனில் தொழிற்சாலையில் தயாரான இந்த மாதிரிக் கலை வடிவமைப்புகளுக்கு 25 வருஷம்தான் காப்புரிமை இருந்தது. 2016-ல் அதை வடிவமைப்பாளர் இறந்து 70 வருஷம் வரை என்று மாற்றினார்கள். ஜேக்கப்சன் இறந்தது 1971-ல். அந்த மாற்றத்துக்கு முன்னாடி விற்ற நகல்கள் இன்று கீறல் விழுந்து, பெயின்ட் மங்கி, அசல் 'விண்டேஜ்' மாதிரியே இருக்கும். அதனால் தயாரிப்பாளர் முத்திரையின் போட்டோ கேளுங்க. தரத் தயங்கினால் விட்டுடுங்க.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 60,000 ரூபாய்க்கு வாங்கி, பழைய வயரை மாற்ற 3,000 செலவு செய்து, 5 வருஷம் கழித்து 45,000-க்கு விற்கிறீங்க. நஷ்டம் 18,000, மாதம் 300 தானே என்று தோணும். அதே 60,000-ஐ 7% எஃப்டி-யில் போட்டிருந்தால் ஏறக்குறைய 84,000 ஆகியிருக்கும். அதையும் சேர்த்தால் உண்மையான செலவு மாதம் சுமார் 700. தினமும் ராத்திரி அதன் கீழே உட்கார்ந்து படிப்பவருக்கு 700 ரூபாய் நியாயம்தான், நானே கொடுப்பேன். ஆனா இஎம்ஐ வட்டி இதில் சேரவில்லை.

வரி விஷயம் பலருக்குத் தெரியாது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் லேம்ப் 'பர்சனல் எஃபெக்ட்ஸ்'. லாபத்தில் விற்றாலும் கேப்பிட்டல் கெயின்ஸ் வரி கிடையாது. ஓவியம், சிற்பம், கலைப்படைப்புகளுக்கு இந்தச் சலுகை இல்லை. "இது வெறும் லேம்ப் இல்ல சார், ஆர்ட்" என்று விற்பவர் சொன்னால் அவசரமா தலையாட்டிடாதீங்க. வாங்கி விற்பதையே வழக்கமாக்கினால் அது பிசினஸ் வருமானம். இன்னொரு பக்கமும் இருக்கு: வீட்டு லேம்ப்பை நஷ்டத்துக்கு விற்றால், அந்த நஷ்டத்தை உங்க ஷேர் லாபத்தில் கழிக்க முடியாது.