உடைஞ்சது கை, போனது கால்: எங்க அம்முச்சி சொல்லிக் கொடுத்த பாடம்

பிளேஸ்மென்ட், புராஜெக்ட் ரிவ்யூன்னு எல்லாரும் ஓடிட்டு இருக்கற நேரத்துல, நான் எங்க அம்முச்சியைப் பத்தி எழுதப் போறேன். கொங்குப் பக்கம் அம்மாவோட அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். வயசு 91. கோபிசெட்டிபாளையம் பக்கத்துல ஒரு கிராமத்துல, ரெண்டு ஆடு, ஆறு கோழியோட இருக்காங்க.

"91 வயசா! என்ன ரகசியம்?" என்று கேட்காத ஆளே இல்லை. நானும் ரொம்ப நாள் சாப்பாடுதான் காரணம்னு நினைச்சேன். போன வருஷம் நடந்த ஒரு சம்பவம் அதை மாத்திடுச்சு.

என்ன நடந்தது?

ஒரு நாள் காலையில கட்டுத்தரையில வழுக்கி விழுந்துட்டாங்க. இடது கை மணிக்கட்டு எலும்பு முறிஞ்சது. கட்டு போட்டதும், மாமா அவங்களைக் கோயம்புத்தூர்ல இருக்கற தன்னோட ஃபிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். மூணு மாசம் நல்ல கவனிப்பு. கட்டில், டிவி, நேரத்துக்கு சாப்பாடு. எழுந்தாலே யாராவது ஓடி வந்து, "நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்போம். லீவுல போன நானும் அதையேதான் சொன்னேன்.

கை சேர்ந்துடுச்சு. ஆனா சோபாவில இருந்து எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்தது. பாத்ரூம் போக சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. விழறதுக்கு முந்தின நாள் வரைக்கும் தண்ணிக் குடத்தை இடுப்புல வெச்சுட்டு நடந்தவங்க!

உடைஞ்சது கை. போனது கால். எப்படி?

தசையின் கணக்கு

30 வயசுக்கு மேல நம்ம தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பிக்கிறது. 60க்கு மேல வேகம் கூடுகிறது. இதற்கு மருத்துவத்தில் சார்கோபீனியா என்று பெயர். பயன்படுத்தாத தசையை உடம்பு சும்மா வைத்துக்கொள்வதில்லை, கரைத்துவிடும். 2007இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசை போயிருந்தது. இளவயசுக்காரங்க இழந்த தசையைச் சீக்கிரம் மீட்டுடலாம். முதியவர்களுக்கு அது ரொம்ப மெதுவாகத்தான் திரும்பும்.

அம்முச்சி படுக்கையில கிடக்கலை, உண்மைதான். ஆனா 90 நாள் உக்காந்தே இருந்தாங்க. டாக்டர் கைக்குத்தான் ஓய்வு சொன்னார். நாங்கதான் மொத்த ஆளுக்கும் ஓய்வு குடுத்துட்டோம்.

அவங்க ஒரு நாள் எப்படி இருக்கும்?

விழறதுக்கு முன்னாடி அவங்க என்னென்ன பண்ணுவாங்கன்னு அப்புறம் உக்காந்து எண்ணிப் பார்த்தேன்.

முதல்ல, தரை. சாப்பிடறது, காய் அரியறது, ஊர்க்கதை பேசறது எல்லாம் தரையிலதான். ஒரு நாளைக்கு 20, 25 தடவை உக்காந்து எழுந்திருப்பாங்க. ஜிம்முல நாம காசு குடுத்துப் பண்ற ஸ்குவாட்ஸ்! பிரேசில் மருத்துவர்கள் 51 முதல் 80 வயசு வரை 2,000 பேருக்கு மேல் ஒரு சோதனை வைத்தார்கள். தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். மொத்தம் 10 மதிப்பெண், கையோ முட்டியோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறையும். மதிப்பெண் குறைந்தவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது.

ரெண்டாவது, சாப்பாடு. காலையில ராகிக் களியோ கம்பஞ்சோறோ, வாரத்துல மூணு நாள் கொள்ளுப் பருப்பு. கொள்ளுல 100 கிராமுக்கு சுமார் 22 கிராம் புரதம் இருக்கு. இருட்டறதுக்குள்ள ராத்திரி சாப்பாடு முடிஞ்சிடும்.

மூணாவது, மாத்திரை. ஆமாம்! 25 வருஷமா பிபி மாத்திரை சாப்பிடறாங்க, ஒரு நாள் தவறினதில்லை. ரெண்டு கண்ணுக்கும் புரை ஆபரேஷன் ஆயிருக்கு. "பாட்டி காலத்துல ஆஸ்பத்திரியே கிடையாது, நூறு வயசு வாழ்ந்தாங்க"ன்னு வாட்ஸ்அப்பில் வருதே, அதை அவங்ககிட்ட காட்டினேன். "எவன் கண்ணு சொன்னான்? எங்கூடப் பொறந்தது ஏழு பேரு. மூணு பேரு காய்ச்சல்லயும் அம்மையிலயும் சின்னதுலயே போயிட்டாங்க" என்றார்.

நம்ம பாஷையில சொன்னா இது சர்வைவர்ஷிப் பயஸ். பிழைச்சவங்களை மட்டும் பார்த்துட்டு, அந்தக் காலமே ஆரோக்கியமானதுன்னு முடிவு பண்ணிடறோம். சுதந்திரம் கிடைச்ச சமயத்துல இந்தியர்களோட சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம்தான். குழந்தைகள் நிறைய இறந்ததுதான் அதுக்கு முக்கியக் காரணம். அம்முச்சிக்குப் பழக்கமும் இருந்தது, அதிர்ஷ்டமும் இருந்தது.

நாலாவது, அவங்களை எதிர்பார்க்கற உயிர்கள். விடிஞ்சா கோழியைத் திறந்து விடணும். ஆட்டுக்குத் தழை ஒடிக்கணும். எந்திரிக்க ஒரு காரணம் தினமும் இருந்தது. ஃபிளாட்டுல அது ஒண்ணுதான் இல்லை.

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் இயற்கை விவசாயம் செய்த பாப்பம்மாள் பாட்டிக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 105. கோவை நானம்மாள் பாட்டி 90 வயசு தாண்டியும் யோகா சொல்லிக் கொடுத்தார். 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். ரெண்டு பேருக்கும் கடைசி வரைக்கும் ஒரு வேலை இருந்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

நாலாவது மாசம் அம்முச்சி ஒரே பிடிவாதம். "ஊட்டுக்குப் போகோணும் சாமி. இங்க உக்காந்தே செத்துருவேன்." மாமாவுக்குப் பயம். தனியா இருக்கும்போது திரும்ப விழுந்துட்டா? அந்தப் பயமும் நியாயம்தான். இந்த வயசுல இடுப்பு எலும்பு முறிஞ்சா ரொம்ப ஆபத்து. வீட்டுல பெரிய வாக்குவாதமே நடந்தது.

கடைசியில பாதிப் பாதி. கட்டுத்தரைக்கு வழுக்காத சொரசொரப்பான தளம் போட்டோம். பாத்ரூம்ல பிடிக்கக் கம்பி வெச்சோம். பக்கத்து வீட்டு அக்கா காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பாங்க. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சியை நாற்காலியில ஆரம்பிச்சாங்க. தரையில இருந்து தானா எழ ரெண்டு மாசம் ஆச்சு. இப்பவும் ஒரு கையை ஊன்றித்தான் எழறாங்க. குடம் தூக்கறதில்லை, சொம்புதான். முழுசா பழையபடி ஆகலை. அந்த மூணு மாசத்துக்கு நாங்க கொடுத்த விலை அது.

நமக்கு என்ன?

அந்தத் தரைச் சோதனையை எங்க ஹாஸ்டல் ரூம்ல நானும் பண்ணிப் பார்த்தேன். 21 வயசு, ஒரு கை ஊன்றினேன். மார்க் 9. லேப்டாப் முன்னாடி பத்து மணி நேரம், ராத்திரி ரெண்டு மணிக்கு நூடுல்ஸ். அம்முச்சிக்கு ஃபிளாட்டுல நடந்தது எனக்கு ஹாஸ்டல்ல நடந்துட்டு இருக்கு. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது. ஒரு நாளைக்கு 22 நிமிஷம்கூட வரலை. நம்ம ரீல்ஸ் டைம்ல கால்வாசி!

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ ஒண்ணு மட்டும் பண்ணுங்க. பாட்டி எழுந்தா "நீங்க உக்காருங்க"ன்னு சொல்லாதீங்க. அவங்களால முடியற வேலையை அவங்ககிட்டயே விடுங்க. விழாம இருக்க ஏற்பாடு பண்ணிட்டு, கூட நில்லுங்க. பாசத்துலதான் பிடுங்கறோம், ஆனா பிடுங்கறது அவங்க காலை.

நேத்து போன் பண்ணேன். ரெண்டே நிமிஷம்தான் பேசினாங்க. "ஆடு கத்துது கண்ணு, வெச்சுடறேன்."