கரிசல் காட்டுக்கு வந்த கிரெடிட்

புதூர், நாகலாபுரம், விளாத்திகுளம் பக்கம் கல்லூரிக்குப் போகிற பிள்ளையிடம் வீட்டில் கேட்கிற கேள்வி, "எத்தனை மார்க்கு? பாஸா?" என்பதுதான். பிள்ளை கொண்டுவரும் தாளில் மார்க் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் 3, 5, 2 என்று சில எண்கள், அவற்றுக்குப் பக்கத்தில் ஏ, பி பிளஸ் என்று எழுத்துகள், கடைசியில் 7.00 என்று ஒரு எண். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த அப்பாவுக்கும் மிளகாய்ப் பழம் பறித்த அம்மாவுக்கும் அந்த ஏழு நல்லதா கெட்டதா என்று தெரிவதில்லை. வருத்தம் என்னவென்றால், பட்டம் வாங்கி வெளியே வந்த பிள்ளைகளிலும் பலருக்கு அது தெரிவதில்லை. மூன்று வருடம் அவர்களை அளந்த அளவுகோலை ஒருவரும் உட்கார்ந்து விளக்காமலே அனுப்பிவிடுகிறோம்.

முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் இப்போதைய வரைவுப்படி, இளநிலை முதல் செமஸ்டருக்கு 23 கிரெடிட். கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் எடை. தமிழுக்கு 3, ஆங்கிலத்துக்கு 3, முதன்மைப் பாடம் இரண்டுக்கும் ஐந்தைந்து, எலெக்டிவ் 3, திறன் பாடம் 2, அடிப்படைப் பாடம் 2. யு.ஜி.சி. 2014-ல் வகுத்த பத்துப் புள்ளி அளவில் 'ஓ' என்றால் 10, 'ஏ பிளஸ்' 9, 'ஏ' 8, 'பி பிளஸ்' 7, 'பி' 6, 'சி' 5, வெறும் தேர்ச்சி 4. ஒரு மாணவி தமிழில் 8, ஆங்கிலத்தில் 5, முதன்மைப் பாடங்களில் 7, 6, எலெக்டிவில் 7, கடைசி இரண்டிலும் 9 வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளியையும் அந்தந்தப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டினால் 161 வரும். அதை 23-ஆல் வகுத்தால் 7.00. எல்லா செமஸ்டருக்கும் சேர்த்து இதேபோல் போட்டால் வருவதுதான் சி.ஜி.பி.ஏ.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. முதன்மைப் பாடம் ஒன்றில் ஒரு கிரேடு இறங்கினால் அவள் சராசரியில் 0.22 போய்விடும். திறன் பாடத்தில் ஒரு கிரேடு இறங்கினால் போவது 0.09 தான். எங்கே கூடுதலாக மெனக்கெட வேண்டும் என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. முதல் வாரத்திலேயே வகுப்பில் ஒருவர் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் அரைமணி நேர வேலை.

இந்த முறை நம் பக்கம் வந்து பல வருடம் ஆகிறது. 2008-09 கல்வியாண்டில் தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு சி.பி.சி.எஸ். என்கிற விருப்பத் தேர்வு கிரெடிட் முறை கொண்டுவரப்பட்டது. 1990-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து உருவான மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த கோவில்பட்டிப் பக்கத்துக் கல்லூரிகளும் அதற்குள் வந்தன. பட்டத்துக்கு 140 கிரெடிட், ஐந்து பகுதிகள். பார்ட் ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், நான்கு திறன் பாடம், சுற்றுச்சூழல், நான்-மேஜர் எலெக்டிவ் முதலானவை, ஐந்து என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணிகள். அதுவரை வெட்டி வேலையாகவே பார்க்கப்பட்ட என்.எஸ்.எஸ். முகாமுக்கும் பட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது. அது நல்ல காரியம்.

ஆனால் தமிழின் கணக்கு எனக்கு உறுத்துகிறது. ஒரு கிரெடிட் என்றால் செமஸ்டர் முழுக்க வாரம் ஒரு மணி நேர வகுப்பு அல்லது இரண்டு மணி நேரச் செய்முறை என்பது யு.ஜி.சி. விளக்கம். நம் கல்லூரிகளில் வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு. அதில் முதன்மைப் பாடம் ஒன்றுக்கு ஐந்து மணி நேரம், கிரெடிட்டும் ஐந்து. தமிழுக்கு ஆறு மணி நேரம், கிரெடிட் மூன்று. ஆங்கிலத்துக்கும் அப்படியே. மொழி வகுப்பில் உட்காரும் இரண்டு மணி நேரம், முதன்மைப் பாட வகுப்பில் உட்காரும் ஒரு மணி நேரத்துக்குத்தான் சமம் என்று இந்த அட்டவணை சொல்கிறது. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் கரிசல் பிள்ளைக்கு நல்ல கிரேடு வருவது தமிழில். அவள் அதிகம் பாடுபட வேண்டியிருப்பது ஆங்கிலத்தில். இரண்டின் எடையும் பாதியாகக் குறைந்திருக்கிறது. முதுகலைச் சேர்க்கைக்குப் பல இடங்களில் பார்ட் மூன்றை மட்டும் பார்ப்பதால் அந்தப் பாதியும் காணாமல் போகிறது. இப்படி இருக்கும்போது மொழி வகுப்பில் பிள்ளைகள் கவனிப்பதில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

அடுத்தது, விருப்பத் தேர்வு. இந்த முறையின் பெயரிலேயே முதலில் நிற்பது அதுதான். வரலாறு படிக்கும் பையன் கணினி கற்கலாம், வேதியியல் மாணவி நாட்டார் வழக்காறு படிக்கலாம் என்பதற்காகத்தான் நான்-மேஜர் எலெக்டிவ் வைத்தார்கள். நடப்பு வேறு. பெரும்பாலான சிறிய கல்லூரிகளில் எந்த வகுப்புக்கு எந்தத் துறை எலெக்டிவ் எடுக்கும் என்பதை மாணவர் வருவதற்கு முன்பே தீர்மானித்துவிடுகிறார்கள். ஒரே சேலையை விரித்துக் காட்டி "எது வேண்டும்?" என்று கேட்கிற கடை மாதிரி ஆகிவிடுகிறது. ஆசிரியர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு வாரம் 16 மணி நேர வேலைப்பளு வேண்டும். துறையில் மணி நேரம் குறைந்தால் பணியிடமே கேள்விக்குள்ளாகும். அதனால் எலெக்டிவ் மணி நேரங்கள் மாணவரின் ஆசையைப் பார்க்காமல் துறைகளின் வொர்க்லோடைப் பார்த்துப் பங்கிடப்படுகின்றன. பணியிடம் காலியாக, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓடும் துறையில் மூன்று எலெக்டிவ் கொடுத்து மாணவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல ஆளும் இல்லை, அறையும் இல்லை. கிரெடிட் முறைக்கு முதல் தேவை கூடுதல் ஆசிரியர். அதைச் செய்யாமல் மார்க் ஷீட்டின் வடிவத்தை மட்டும் மாற்றினோம்.

நகரத்துப் பெரிய பல்கலைக்கழகத்திலும் இதே குறை சொல்லப்பட்டது. 2015-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சி.பி.சி.எஸ். வந்தபோது ஆசிரியர்கள் எதிர்த்துப் போராடினார்கள். போதிய ஆசிரியரும் வசதியும் இல்லாமல் விருப்பத் தேர்வு எப்படி நடக்கும் என்பது அங்கேயும் எழுந்த கேள்வி.

கோவில்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் கலை அறிவியல் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. நேஷனல் பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் தன்னாட்சியோடு நடக்கிறது. 1901-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கையில். மூன்று பல்கலைக்கழகங்களும் கிரெடிட் என்ற பெயரில்தான் கணக்கு வைத்திருக்கின்றன. நடைமுறையில் ஒன்றின் கிரெடிட் மற்றொன்றில் செல்வதில்லை. பொறியியல் மாணவர் பக்கத்துக் கல்லூரிக்குப் போய்ப் பொருளாதாரம் படித்துவிட்டு வர வழியில்லை. கலைக் கல்லூரி மாணவிக்கு அந்த ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் தெரியாது. இடம் மாறினாலும் செல்லுபடியாக வேண்டிய ஓர் அலகு, ஓர் ஊருக்குள்ளேயே நகராமல் கிடக்கிறது.

அந்த அலகின் பிறப்பும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக 1869 முதல் 1909 வரை இருந்த சார்லஸ் எலியட், எல்லாரும் ஒரே பாடம் படித்தாக வேண்டும் என்ற பழைய கட்டைத் தளர்த்தி, மாணவரே பாடம் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை விரிவாக்கினார். ஆளுக்கொரு பாடம் என்றானதும் எதை எதோடு கூட்டுவது என்ற சிக்கல் வந்தது. அந்தச் சமயத்தில் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்து 1905-ல் ஓர் அறக்கட்டளை வைத்தார். எந்தக் கல்லூரியை உண்மையான கல்லூரி என்று ஏற்று ஓய்வூதியம் தருவது? பள்ளியில் இத்தனை மணி நேரம் படித்தவரைச் சேர்த்துக்கொள்கிற கல்லூரி என்று 1906-ல் ஓர் அளவு வைத்தார்கள். வகுப்பில் உட்கார்ந்த நேரத்தைக் கொண்டு படிப்பை அளக்கும் வழக்கம் அங்கிருந்துதான் நிலைபெற்றது. நூறு வருடம் கழித்து 2015-ல் அதே அறக்கட்டளை ஓர் அறிக்கை வெளியிட்டு, இந்த அலகு கற்றலை அளப்பதற்காக உருவாக்கப்பட்டதே இல்லை என்று ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் இதை முதலில் எடுத்துக்கொண்டவற்றில் வேளாண் பல்கலைக்கழகங்கள் முக்கியமானவை. 1960-ல் பந்த்நகரில் அமெரிக்க முன்மாதிரியில் முதல் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கியது. வேளாண்மைப் படிப்பில் பாடத்துக்கு எதிரே 2+1 என்று எழுதியிருப்பார்கள். வாரம் இரண்டு மணி நேர வகுப்புக்கு இரண்டு கிரெடிட், செய்முறைக்கு ஒன்று. வயலில் இறங்கி நிற்பதும் படிப்புதான் என்று அந்தக் கூட்டல் குறி ஏற்றுக்கொண்டது. நம் மாவட்டத்துக் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி மாணவர்கள் கடைசி வருடத்தில் ஊர்களில் தங்கிச் சம்சாரிகளோடு வேலை செய்வதற்கும் கிரெடிட் உண்டு.

கலைக் கல்லூரியில் படிக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அதே வயல் எதிரியாகிறது. புதூர் மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் விதைப்பார்கள். கல்லூரியில் அது இன்டர்னல் தேர்வு நடக்கிற நேரம். களையெடுப்பு உச்சத்தில் இருக்கும்போது நவம்பர் செமஸ்டர். மிளகாய்ப் பழம் பறிப்பு மும்முரமாகும் பங்குனியில் அடுத்த செமஸ்டருக்கு ஆயத்தம். மொத்த மார்க்கில் 25 இன்டர்னல். 75 சதவீத வருகை இல்லையென்றால் தேர்வு எழுதுவதே சிக்கல். மழை பெய்து ஈரம் காய்வதற்குள் விதை விழ வேண்டிய நாளில் காட்டில் நின்ற பையன், கல்லூரிப் பதிவேட்டில் வராதவன். செமஸ்டர் முறை வருமுன் வருடக் கடைசியில் ஒரே தேர்வு. இடையில் விட்டதை ஈடுகட்ட மாதங்கள் இருந்தன. தொடர் மதிப்பீடு அறிவுக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது ஒவ்வொரு வாரமும் வரக்கூடியவருக்காக வகுக்கப்பட்டது. பஸ் தவறினாலே இரண்டு வகுப்பு போய்விடும் ஊர்களை அது நினைக்கவில்லை.

இப்படித் தவறித் தவறி நின்றுபோகிறவர்கள் உண்டு. கல்யாணத்தால், கடனால், திருப்பூர் வேலையால் நின்றவர்கள். ஐந்து அரியரோடு நின்ற ஒரு பெண், தேர்ச்சி பெற்ற மற்ற பாடங்களின் கிரெடிட் தன்னுடையது என்று நினைப்பதே இல்லை. படிப்பு போச்சு, அவ்வளவுதான். 2021-ல் வந்த கிரெடிட் வங்கி ஏற்பாட்டின்படி, பெற்ற கிரெடிட்டைச் சேர்த்து வைத்து அதிகபட்சம் ஏழு வருடத்துக்குள் இன்னோர் இடத்திலும் தொடரலாம். இதோடு சேர்ந்து வரும், ஒரு வருடத்தில் சான்றிதழோடு வெளியேறலாம் என்ற விதியை, அது ஏழைப் பிள்ளைகளின் இடைநிற்றலுக்கு வாசல் திறப்பது என்று தமிழ்நாடு அரசு எதிர்க்கிறது. அந்த அச்சம் நியாயமானது. கரிசலில் வெளியேறச் சொல்லக் காரணம் ஆயிரம் இருக்கிறது. ஆனால் திரும்பி வர உதவும் பாதியை விட்டுவிடக் கூடாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் வந்தது. கல்லூரிக்குள் வைத்திருக்க அது துணை. நின்றுபோனவளைத் தேடிப்போய், "உனக்கு இத்தனை கிரெடிட் இருக்கிறது, மிச்சம் இவ்வளவுதான்" என்று சொல்லும் வேலையை எந்த அலுவலகமும் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

கல்லூரிக்கு வெளியே கற்றதையும் கணக்கில் சேர்க்கலாம் என்று 2023-ன் தேசியக் கிரெடிட் சட்டகம் சொல்கிறது. கோவில்பட்டிப் பக்கத்துக்கு இது புதிய எண்ணம் இல்லை. இடைசெவல் கி.ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதி தந்தார், நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்து உட்கார வைத்தது. ஒருவருக்குச் செய்ய முடிந்ததை, நிலத்தையும் விதையையும் வானத்தையும் அறிந்து கல்லூரிக்கு வரும் நூறு பிள்ளைகளுக்குச் சிறிய அளவிலாவது ஏன் செய்யக் கூடாது?

தொடங்குவதற்கு ஓர் இடம் இருக்கிறது. பார்ட் நான்கில் இரண்டு கிரெடிட்டுக்கு 'மானாவாரி வேளாண்மை' என்று ஓர் எலெக்டிவ். வேளாண் கல்லூரி பாணியில் 1+1, அதாவது செமஸ்டருக்கு 15 மணி நேரம் வகுப்பு, 30 மணி நேரம் செய்முறை. வகுப்பு கல்லூரியில், செய்முறை ஆராய்ச்சி நிலையத்திலும் மாணவரின் சொந்தக் காட்டிலும். கரிசல் ஏன் வெடிக்கிறது, ஈரம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, முன்பருவ விதைப்பு எந்த மழைக் கணக்கில் பலிக்கும், மிளகாய்க்கு விலை எங்கே நிர்ணயமாகிறது. பாடத்திட்டக் குழு ஒரு தீர்மானம் போட்டு, இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் வரும் ஆவணியிலேயே நடத்தலாம். அந்தப் பாடத்தில், மழை பெய்த மறுநாள் விதைக்கப் போன பையனுக்கு வருகைப் பதிவு உண்டு.