விண்கலமா, உயிர்காப்புப் படகா?

பூமியை ஒரு விண்கலமாகப் பார்க்கும் உருவகம் 1960களில் பரவியது. ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் 1965 ஜூலையில் ஜெனீவாவில் பேசியபோது, மனிதர் எல்லோரும் ஒரே சிறு கலத்தில் பயணம் செய்பவர்கள் என்றார். அடுத்த ஆண்டு பொருளியலாளர் கென்னத் போல்டிங் அதிலிருந்து ஒரு பொருளாதாரப் பார்வையையே உருவாக்கினார். அவருடைய ஒப்பீட்டில், பரந்த சமவெளியில் மாடு மேய்க்கும் கௌபாய்க்கு ஓரிடம் பாழானால் இன்னோரிடம் உண்டு. நிறைய உற்பத்தி செய்வதும் நிறைய நுகர்வதும் அவனுக்கு வெற்றி. விண்கலத்திலோ குப்பையைக் கொட்ட வெளியிடம் கிடையாது. இருப்பு குறையாமல் காப்பதுதான் அங்கே சாமர்த்தியம்.

எல்லாரும் பயணிகள் என்பது கேட்க இதமானது. ஆனால் யாருக்கு எந்த வகுப்பு, சுக்கான் யார் கையில் என்ற கேள்விகளை அது கேட்பதில்லை.

சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1974இல் இந்த இடத்தில்தான் கைவைத்தார். கலம் என்றால் தலைவன் வேண்டும், உலகுக்கு அப்படி ஒருவன் இல்லை என்று சொல்லி, விண்கலத்துக்குப் பதில் உயிர்காப்புப் படகை முன்வைத்தார். படகில் 50 பேர். 60 பேருக்கே இடம். தண்ணீரில் தத்தளிப்பவர்களோ 100 பேர். எல்லாரையும் ஏற்றினால் படகு மூழ்கும். படகு பணக்கார நாடு, தத்தளிப்பவர்கள் ஏழைகள். இந்தப் படத்தை ஒப்புக்கொண்டால் முடிவும் கூடவே வந்துவிடும்: ஏழை நாடுகளிலிருந்து குடியேற்றம் கூடாது, இந்தியாவுக்குக் கோதுமை கொண்டுவந்த பி.எல்.480 என்ற அமெரிக்கத் திட்டம் போன்ற உணவு உதவியும் கூடாது. ஹார்டின் அப்படித்தான் வாதிட்டார். காலனியாட்சியில் ஏழை நாடுகளிலிருந்து போன செல்வமும் அந்தப் படகில்தான் இருக்கிறது என்பதற்கு அவருடைய படத்தில் இடமில்லை. சுமை தலைகளின் எண்ணிக்கை மட்டுமே; ஒவ்வொருவரும் எவ்வளவு நுகர்கிறார் என்பதல்ல.

நுகர்வைக் கணக்கில் கொண்டுவந்தது காலடித்தட உருவகம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸ் 1992இல் அதை அறிமுகப்படுத்தினார். அவருடைய மாணவர் மாத்திஸ் வேக்கர்நேகல் கணக்கிடும் முறையை வளர்த்தார். ஒரு நகரமோ நாடோ தன் எல்லைக்கு உள்ளேயும் வெளியேயும் மொத்தம் எவ்வளவு நிலத்தையும் நீர்ப்பரப்பையும் நம்பி வாழ்கிறது என்பதை அது அளக்கும். பணக்கார நாடுகளுக்குச் சங்கடமான கணக்கு இது.

அந்தச் சங்கடம் நீடிக்கவில்லை. காலடி என்றாலே தனிமனிதரின் கால்தானே நினைவுக்கு வரும்? எண்ணெய் நிறுவனமான பிபி அதைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. 2004இல் அது கார்பன் காலடித்தடக் கணிப்பானை இணையத்தில் வைத்து, மக்கள் தத்தம் வீட்டுக் கணக்கைப் பார்க்கச் சொன்னது. எண்ணெயை எடுத்து விற்பவரை விட்டு, எரிப்பவரிடம் பொறுப்பு நகர்ந்தது.