குளிப்பாட்ட ஆள் கிடைக்காத மய்யித்: எய்ட்ஸ் வந்த காலமும் நாம் நடந்துகொண்ட விதமும்



டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம். இத்தனை ஆண்டுகளில் நம் இதழில் இந்த நோயைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. கூச்சம்தான் காரணம். ஆனால் மருத்துவ உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களில் 'நோயின் பெயர்' என்ற இடம் சில நேரம் வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்பச் சொன்னால், கொண்டுவந்தவர் தாளை மடித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். உதவியும் அவருக்குப் போய்ச் சேருவதில்லை. நம் கூச்சம் இன்னொருவரின் மருந்தைத் தடுக்கிறது என்றால் பேசித்தான் ஆகவேண்டும்.

சென்னையில் தெரியவந்த கதை

1981 ஜூன் மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த விநோதமான நுரையீரல் நோயைப் பற்றி அரசு மருத்துவ அறிக்கை ஒன்று வெளிவந்தது. எய்ட்ஸ் பற்றி உலகம் கேட்ட முதல் செய்தி அது. 1983-ல் பாரிஸ் விஞ்ஞானிகள் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அப்போதெல்லாம் நம் நாட்டில் பலரும் சொன்னது, "இது மேல்நாட்டுக்காரர்களின் ஒழுக்கக்கேட்டு நோய், இங்கே வராது" என்பதுதான்.

அதைப் பொய்யாக்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுநிலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா. வயது 32, இரண்டு குழந்தைகளின் தாய். அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் ஆய்வுக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்தபோது, இங்கே ஒன்றும் கிடைக்காது என்றே நிர்மலா நினைத்தார். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்ட பெண்களை அடைத்துவைத்திருந்த அரசு காப்பகத்துக்குப் போய் ரத்த மாதிரி எடுத்தார். கையுறை கிடையாது, வேறு பாதுகாப்பும் கிடையாது. கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். எடுத்த மாதிரிகளை வைக்க ஆய்வகத்தில் தனி வசதி இல்லாததால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்தார்.

பரிசோதனைக் கருவி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, கணவருடன் ரயிலேறி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போனார். டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த மறுபரிசோதனையும் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் டாக்டர் ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் ஊரில்தான்.

பயம் செய்த வேலை

நோய் தெரிந்துவிட்டது. அடுத்து என்ன நடந்தது என்பதுதான் வருத்தத்துக்குரியது. கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்களில் சிலரைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்தைவிட்டு வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகே அவர்கள் வெளியே வந்தார்கள். கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் அடிக்கடி ரத்ததானம் செய்பவர். 1989-ல் அவர் ரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்ததும் போலீசார் வந்து அழைத்துப்போய், இரண்டு மாதத்துக்கும் மேல் தனியாக அடைத்துவைத்தார்கள். அவர் எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை.

இதன் விளைவு என்ன? பரிசோதனைக்குப் போனால் அடைத்துவிடுவார்கள், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்று பயந்தவர்கள் பரிசோதனைக்கே போகவில்லை. தெரியாமலே மனைவிக்குக் கொடுத்தார்கள். மனைவியிடமிருந்து குழந்தைக்குப் போனது. நோயை மறைக்க வைத்த பயமே நோயைப் பரப்பியது.

அந்த நாட்களில் கதவைத் திறந்த இடமும் ஒன்று உண்டு. காசநோய்க்காக 1928-ல் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை, 1990-களில் டாக்டர் செ.நெ. தெய்வநாயகம் கண்காணிப்பாளராக இருந்தபோது, மற்ற இடங்களில் திருப்பி அனுப்பப்பட்ட நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. டாக்டர் சுனிதி சாலமனும் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2015-ல் காலமாகும்வரை இவர்களுக்காகவே உழைத்தார்.

நம் பகுதியில் நடந்தது

1990-களின் நடுவில் நம் அம்பத்தூர் பகுதியில் லாரி ஓட்டிய ஒரு சகோதரர் இந்த நோயில் விழுந்தார். அவர் மனைவி காலையில் மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் வேறு ரயில் பிடித்து, சானடோரியத்தில் இறங்கிச் சோறு கொடுத்துவிட்டு இரவு திரும்புவார். எங்களில் யாரும் உடன் போனதில்லை.

அவர் வஃபாத்தான அன்று மய்யித்து வீட்டுக்கு வந்தது. வழக்கமாகக் குளிப்பாட்டுபவர் வாசல்வரை வந்து திரும்பிவிட்டார். தயம்மும் செய்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். அப்படியே அடக்கிவிடலாம் என்றார் இன்னொருவர். அஸர் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில், கம்பவுண்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், "கையுறையும் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் வாங்கி வாருங்கள்" என்றார். அவரும் இன்னொருவருமாகக் குளிப்பாட்டிக் கஃபனிட்டார்கள். நான் மதரஸாவில் ஓதியவன், கல்லூரியில் படித்தவன். குளிப்பாட்டும் முறை எனக்குத் தெரியும். ஆனாலும் வெளியே நின்று தண்ணீர் எடுத்துக் கொடுத்ததோடு சரி. இன்றுவரை அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண் இத்தா முடிந்ததும் வீட்டைக் காலிசெய்யும்படி ஆனது. பிள்ளைகளோடு எங்கே போனார் என்று நாங்கள் விசாரிக்கவும் இல்லை.

ஹதீஸைச் சரியாகப் புரிந்துகொள்வோம்

அன்று சிலர் சொன்ன காரணம், கொள்ளைநோய் உள்ள ஊருக்குப் போகாதீர்கள், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழி. அது தாஊன் போன்று வேகமாகப் பரவும் நோயைப் பற்றியது. எச்.ஐ.வி. அப்படிப்பட்டதல்ல. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், பலரும் பயன்படுத்திய ஊசி, தாயிடமிருந்து குழந்தை என்ற நான்கு வழிகளில்தான் அது பரவும். கை கொடுத்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே ஹவுளில் ஒளூ செய்தால், பக்கத்தில் நின்று தொழுதால் பரவாது. கொசுவாலும் பரவாது. நோயாளியைப் போய்ப் பார்ப்பது ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் செய்யவேண்டிய கடமை என்பதும் நபிமொழிதான். அதை அன்று யாரும் நினைவூட்டவில்லை.

மய்யித்தைக் குளிப்பாட்டுபவர் கையுறை அணிந்து, தன் கையில் காயம் இருந்தால் மூடி, மய்யித்தின் காயங்களைக் கட்டி, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். எந்த மய்யித்தானாலும் இந்தக் கவனம் நல்லதே.

இன்றைய நிலை

2004 ஏப்ரல் 1 முதல் அரசு இதற்கான கூட்டுமருந்தை இலவசமாகத் தருகிறது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரமும் ஒன்று. மருந்தை ஒருநாளும் விடாமல் சாப்பிடுபவர் மற்றவர்களைப் போல வேலைசெய்து நீண்டநாள் வாழலாம். ரத்தத்தில் கிருமியின் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகவும் அது பரவுவதில்லை. தாய் சரியாக மருந்து எடுத்தால் குழந்தை கிருமி இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

2018 செப்டம்பர் முதல் இதற்கென்று தனிச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. நோயைக் காரணம் காட்டி வேலை, பள்ளிக்கூடம், வாடகை வீடு, சிகிச்சை எதையும் மறுக்கக்கூடாது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ, விவரத்தை வெளியே சொல்லவோ கூடாது.

'எப்படி வந்தது?' என்ற கேள்வியையும் நாம் விடவேண்டும். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பி. கௌசல்யாவுக்குத் திருமணமான கொஞ்ச நாளிலேயே கணவர் மூலம் வந்தது. அவர் ஒளியாமல் வெளியே வந்து சொல்லி, 1998-ல் தம்மைப் போன்ற பெண்களுக்காக அமைப்பு தொடங்கினார். நம் வீடுகளிலும் இப்படித்தான் வரும். நிக்காஹ் பேசும்போது தமக்கு இருப்பது தெரிந்தவர் அதை மறைப்பது பெரிய அநீதி. ஆனால் அவர் உண்மையைச் சொல்லத் துணியவேண்டுமானால், சொன்னவரை நாம் துரத்தாமல் இருக்கவேண்டும்.

அறக்கட்டளையின் முடிவு

இனி நம் மருத்துவ உதவி விண்ணப்பத்தில் 'நோயின் பெயர்' என்ற இடம் இருக்காது. மருத்துவரின் சீட்டு போதும். அதைச் செயலாளர் மட்டுமே பார்ப்பார். மருந்து வாங்கப் போய்வரும் பஸ், ரயில் செலவுக்கும் விண்ணப்பிக்கலாம். மய்யித்தைக் குளிப்பாட்டும் சகோதர சகோதரிகளுக்குக் கையுறையும் மேலங்கியும் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம்.

சந்தேகம் இருப்பவர்கள் பெயர் சொல்லாமலே 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், ரகசியமும் காக்கப்படும்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் செய்ததை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. வெளியே நின்ற எங்களை மன்னிப்பானாக. ஆமீன்.